மலைக்கு இந்தப் பக்கத்து ஊர்

அன்பு மாப்ளே முரளி,

போய் வந்துவிட்டோம்! நீ சொன்ன அதே ஊர், அலவ்ரீன். ஒரு மாதம் இருந்துவிட்டு முந்தாநாள்தான் ஃபிரிஸ்கோ திரும்பினோம். தூக்கம் இன்னும் இந்த ஊர் நேரத்துக்கு வரவில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கிறது. சுதா என்ன சொன்னாள் என்றுதானே முதலில் கேட்பாய்? பொறு, வரிசையாகச் சொல்கிறேன்.

ஐம்பது வயதில் வேலையை உதறிவிட்டு ஸ்பெயினின் தெற்கே போய்விடுவது என்று திட்டம் போட்டவன் நீ. மதுரையில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த காலத்திலிருந்தே நீ திட்டம் போடுகிறவன், நான் குறை சொல்கிறவன். மேப்பில் கடற்கரை ஊர்களையெல்லாம் விரலால் ஒதுக்கித் தள்ளினாய். "கடல் அரை மணி நேரத்துல இருக்கணும் மச்சான். ஆனா கடலுக்கு வர்ற கூட்டம் நம்ம வாசல்ல வந்து நிக்கக் கூடாது. நடுவுல ஒரு மலை வேணும்" என்றாய். ஊரைக் கண்டுபிடித்தாய். பிறகு வேலையை விடுவதற்குள் நீயே போய்விட்டாய். இரண்டு வருடமாகிறது. அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

உன்மேல் மட்டுமா? உன் நினைவுக் கூட்டத்தில் நம் பாலாஜி மைக்கைப் பிடித்து, "நம்ம முரளி ஒரு ஸ்பெயின் பைத்தியம்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். என் தங்கச்சியாகவே ஆகிவிட்ட உன் உஷா முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் மறக்கவில்லை. நான் வேலை கற்றுக்கொடுத்த பையனே மேனேஜராகி, ஒரு வீடியோ காலில் என்னை வீட்டுக்கு அனுப்பினான். அதையும் மறக்கவில்லை. ஸ்பெயினுக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும் கோயில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி பாலாஜி கேட்டான்: "பீச்சும் கிடையாது, சிட்டியும் கிடையாது. அந்த ரெண்டுங்கெட்டான் ஊர்ல போய் என்னடா பண்ணப் போற?"

ஆனால் என் கவலை பாலாஜி இல்லை, சுதா. என் வேலைக்காக ஹூஸ்டன் வந்தாள், மறுபடியும் என் வேலைக்காக ஃபிரிஸ்கோ வந்தாள். மூன்றாவது முறையும் இழுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அவளே நிபந்தனை போட்டாள். "ஒரு மாசம் வர்றேன். எனக்குப் பிடிக்கலைன்னா அதுக்கப்புறம் இந்த வீட்ல ஸ்பெயின்ங்கற பேச்சே எடுக்கக் கூடாது." சரி என்றேன். என் பெண் நிலா, "குட் லக் வித் தட், அப்பா" என்று சிரித்தாள்.

ஊர் எப்படி இருக்கிறது தெரியுமா! வெள்ளை வெள்ளையாக வீடுகள், கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சும் எலுமிச்சையும். கடல் கண்ணில் படாது. மலை முதுகில் காலையில் ஒரு மேகம் வந்து உட்காரும், அதை வைத்து அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எங்கள் வாடகைக் கார் தெருவுக்குள் நுழையவே இல்லை. ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் நடைதான். ஃபிரிஸ்கோவில் பால் வாங்க நடந்து போனால், "கார் ரிப்பேரா அங்கிள்?" என்பார்கள்.

இரண்டாம் நாளே சொதப்பினோம். நேரம் காலம் புரியாமல் தூங்கி எழுந்து, மதியம் மூன்று மணிக்குச் சமையலைத் தொடங்கினோம். தெருவில் ஈ காக்கா இல்லை, ஜன்னல் கதவுகளெல்லாம் சாத்திக் கிடந்தன. "என்னங்க ஊர் இது, மயானம் மாதிரி?" என்றாள் சுதா. அவள் பெட்டியில் புடவைக்கு நடுவே சுற்றி எடுத்து வந்த பிரஷர் குக்கர் அப்போதுதான் முதல் விசில் அடித்தது. இரண்டு பக்கமும் கல்சுவர் உள்ள சந்து மாப்ளே! ரயில் எஞ்சின் வீட்டுக்குள் வந்த மாதிரி ஒரு சத்தம். ஒரு ஜன்னல் திறந்தது, இன்னொன்று திறந்தது. எதிர்வீட்டுப் பெப்பா, அறுபது வயதிருக்கும், கலைந்த தலையும் வீட்டுச் செருப்புமாக வந்து கதவைத் தட்டினாள். ஊரே தூங்கும் நேரமாம். கடிகாரத்தைக் காட்டினாள், கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டினாள், குக்கரைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு மாதம் போன் ஆப்பில் படித்த ஸ்பானிஷில் நான் அவளுக்குக் காலை வணக்கம் சொன்னேன்.

போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று சுதாவைப் பார்த்தேன். அவளோ, "வாங்க வாங்க, உள்ள வாங்க. சாப்டுட்டுத் திட்டுங்க" என்று தமிழிலேயே சொல்லி, ஒரு தட்டில் பருப்பு சாதம் போட்டு நெய் விட்டு நீட்டினாள். பெப்பா நின்றபடியே சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தையும் திட்டினாள்.

அவள் போனதும் சுதா சொன்னாள்: "எனக்கு இவளப் பிடிச்சிருக்குங்க. ஃபிரிஸ்கோல நான் டிரைவ்வேல வத்தல் காயப்போட்டப்ப என்ன ஆச்சு? பக்கத்து வீட்டுக்காரி கையசைச்சுச் சிரிச்சுட்டு உள்ள போய் அசோசியேஷனுக்குக் கம்ப்ளெய்ன்ட் பண்ணினா. நமக்கு ஈமெயில் வந்துச்சு. இவ நேர்ல வந்து மூஞ்சிக்கு நேரா கத்துறா பாருங்க!"

மனக்குறைகளைச் சேர்த்து வைப்பதில் நான்தான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். அவளுக்குள்ளும் ஒன்று இத்தனை வருடமாக இருந்திருக்கிறதே, எனக்கு ஏன் தெரியவில்லை?

அதற்குப் பிறகு சமையல் காலையிலேயே முடிந்துவிடும். மாலையானால் பெப்பா வாசலில் நாற்காலி போடுவாள், சுதா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவாள். என்னதான் பேசுவார்களோ!

கடைசி வாரம், ஊர் ஓரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு ஃபிளாட்டைக் காட்டினேன். சுதா உதட்டைப் பிதுக்கினாள். "வியூவ வச்சுக்கிட்டு என்ன பண்றது? பெப்பா வீட்டுக்கு மூணாவது வீடு காலியாகுதாம்."

"யார் சொன்னா?"

"பெப்பாதான். அவ பாஷைல சொன்னா, எனக்குப் புரிஞ்சுது."

"அப்போ சரிங்கறியா?"

"சரின்னு எங்க சொன்னேன்? அந்த வீடுன்னா சரிங்கறேன்."

நடுத்தெருவில் நின்று சிரித்தேன் மாப்ளே. நான் அப்படிச் சிரித்து நீ எப்போது பார்த்தாய்?

அந்த மூன்றாவது வீட்டையே பேசி முடித்துவிட்டோம். விசா கைக்கு வந்ததும் கிளம்புகிறோம். கோபங்களையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானும் சொல்லப் போவதில்லை. அவையும் கூடவே வரும். நேற்று பாலாஜி போன் பண்ணினான். "டேய், கெஸ்ட் ரூம் இருக்குல்ல? சம்மர்ல ஃபேமிலியோட வந்துர்றோம்." இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இருக்கிறது. மாடியில், மலையைப் பார்த்த அறை. அது உஷாவுக்கு. ஆரஞ்சு பூக்கும் பருவத்தில் அவளை அழைத்து வருவேன். மலைச்சாலையின் உச்சியில் காரை நிறுத்தி, ஒரு பக்கம் ஊரையும் மறுபக்கம் கடலையும் காட்டுவேன். முரளி பார்த்துவைத்த இடம் இது என்று மட்டும் சொல்வேன். சத்தியம் மாப்ளே.

உன் மச்சான்,
ரகு