ஐரீன் என்றால்

ஞாயிறு இரவு

ஐரீன் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று இன்றும் மாமியிடம் நான் சொல்லவில்லை.

மகளுக்கு என் அம்மாவின் பெயரை வைக்கக் கேட்டபோது கணவரின் தாயான மாமி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "சாந்தி சைவப் பேரெல்லோ பிள்ளை. ஒரு புனிதர் பேராய்ப் பாருமன்."

பார்த்தேன். கிரேக்கத்தில் ஐரீன் என்றால் சாந்தி. அந்தப் பெயரில் ஒரு புனிதையும் உண்டு. மாமிக்கு நல்ல சந்தோசம்.

இன்று ஞானஸ்நானத்தில் சுவாமி பெயரைக் கேட்க, மாமியே முந்திக்கொண்டு உரக்கச் சொன்னார். உயிலங்குளத்திலிருந்து வந்த அம்மா கடைசி வரிசை வாங்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். வெளியே வந்ததும் அவர் காதுக்குள் பொருளைச் சொன்னேன்.

"கள்ளி," என்றார். "மாமிக்குத் தெரியுமோ?"

"இல்லையம்மா."

பிறகு அம்மா பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினார். மத்தியானச் சாப்பாடு முடியும்வரை ஒருவரிடமும் கொடுக்கவில்லை.