பதினோராவது கேள்வி

கீழ்பென்னாத்தூர்
10-12-1984

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு அண்ணன் கோதண்டராமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே குளிர் ஜாஸ்தி என்கிறாய், உடம்பைப் பார்த்துக்கொள். தீபத்துக்கு இந்த வருஷம் கூட்டம் சொல்லி மாளாது. நானும் உன் அண்ணி வள்ளியும் திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தோம்.

டாக்டர் மாதிரியே கேள்வி கேட்கும் கம்ப்யூட்டர் நீ பாடம் எடுக்கும் மெடிக்கல் காலேஜில் இருக்கிறது, அதை வைத்து மாணவர்கள் கேட்கப் பழகுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வள்ளி சிரித்தாள். ஆனாலும் நீ அனுப்பிய கேள்வித் தாளுக்கு அவளுக்காக நானே பதில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் போனாலும் நான்தானே சொல்வேன், அவளுக்குக் கூச்சம்.

கல்யாணமாகி எட்டு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. மூன்று டாக்டர் பார்த்தாகிவிட்டது. மருந்து சாப்பிட்டு அவளுக்கு வயிறு புண்ணானதுதான் மிச்சம். ஒரு விஷயம், கோபிக்காதே. அடி அண்ணாமலையில் சரசு என்று ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறோம். தையில் நிச்சயம். வள்ளியும் சம்மதித்துவிட்டாள். அதற்குள் உன் மெஷின் ஏதாவது மருந்து சொன்னால் எழுது.

அன்புடன்,
கோதண்டராமன்

சிகாகோ
26-12-1984

அன்புள்ள அண்ணா,

சரசு விஷயம் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்கு மேல் இன்னொன்றும் நடந்துவிட்டது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

உன் பதில்களைப் பேர் சொல்லாமல் நாலு மாணவர்களுக்குப் பாடமாக வைத்தேன். அவர்கள் ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். மெஷின் பத்துக் கேள்வி அண்ணியைப் பற்றிக் கேட்டது. பதினோராவது, "கணவரைப் பரிசோதித்தாயிற்றா?" இல்லை என்று தட்டினோம். அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லும். செயற்கை அறிவு என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். கேட்டோம். "இருவரில் ஒருவரை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது" என்றது. அடுத்த வரியிலேயே, "கணவருக்குச் சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உனக்கு அப்போது பதினாலு வயசு. இரண்டு கன்னமும் வீங்கியது. பொன் பட்டால் வற்றும் என்று அம்மா என் சங்கிலியைக் கழற்றி உன் கழுத்தில் போட்டாள். தரமாட்டேன் என்று புரண்டு அழுதேன். வீக்கம் கன்னத்தோடு நிற்கவில்லை அண்ணா, கீழேயும் இறங்கியது. பத்து நாள் நடக்க முடியாமல் கிடந்தாய். வெளியே சொல்லக்கூடாது என்றார் அப்பா. அந்த வீக்கம் சில பேருக்குப் பிள்ளை பாக்கியத்தையே கெடுத்துவிடும்.

எனக்கு இது தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அப்படியும் இத்தனை வருஷமாக அண்ணியைத்தான் துருவித் துருவிக் கேட்டேன். உன்னைக் கேட்க நாக்கு எழவில்லை. அந்த மெஷினுக்கு அண்ணன் கிடையாது, கேட்டுவிட்டது.

வேலூர் போய்ப் பரிசோதனை செய்துகொள். அதுவரை நிச்சயம் வேண்டாம். விமானம் ஏறிய அன்று நான் அண்ணிக்குப் போட்டுவிட்டு வந்தது அந்தச் சங்கிலிதான்.

உன் கஸ்தூரி

கீழ்பென்னாத்தூர்
10-1-1985

கஸ்தூரி,

உன் கடிதம் வந்தது. படிக்கவே கூசுகிறது. கூடப்பிறந்தவள் எழுதுகிற எழுத்தா இது? ஊர் பேர் தெரியாத நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து என்னைப் பற்றி ஒரு பெட்டியிடம் விசாரித்திருக்கிறார்கள், நீயும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். உன்னைப் படிக்க வைத்ததற்கு நல்ல மரியாதை.

தை பத்தொன்பது நிச்சயம். இனி இந்த வீட்டுக்குக் கடிதம் போடாதே.

கோதண்டராமன்

கீழ்பென்னாத்தூர்
4-2-1985

அன்புள்ள கஸ்தூரிக்கு,

போடாதே என்றேன், நீயும் போடவில்லை. தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். வள்ளி எப்போது எடுத்துப் படித்தாளோ தெரியாது.

வெள்ளிக்கிழமை சரசு வீட்டில் நிச்சயம். மூத்தவள் கையால் தட்டு கொடுத்தால்தான் வாங்குவோம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். வள்ளி தட்டோடு எழுந்தாள். கொடுக்கவில்லை. கீழே வைத்தாள். சங்கிலியைக் கழற்றிக்கொண்டு நேரே வந்து என் கழுத்தில் போட்டாள்.

"இவ மாதிரி மனசு யாருக்கு வரும்"னு சரசுவின் அத்தை ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை ஏன் போட்டாள் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பதினாலு வயசில் எரிந்த மாதிரி இரண்டு கன்னமும் எரிந்தது.

சரசுவைப் பார்த்தேன். சின்னப் பெண். அவளும் இனி மூன்று டாக்டரிடம் போவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வேன்.

"எட்டு வருஷமா டாக்டருங்க வள்ளியத்தான் பாத்தாங்க. என்னை யாருமே பாக்கலீங்க. கொறை என்கிட்ட இருக்கலாம், நிச்சயம் வேணாங்க"ன்னு சபையிலேயே சொன்னேன். சரசுவின் அப்பா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். பிடிக்கட்டும்.

வியாழக்கிழமை வேலூர் போகிறேன். முடிவு எதுவானாலும் உனக்கு எழுதுவேன்.

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன், வள்ளி வாங்கவில்லை. மூன்று நாளாகப் பேச்சும் இல்லை. இன்று காலை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கேள்வித் தாள் எங்க?" எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் வரை உட்கார்ந்து எழுதினாள்.

அவள் பதில்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டித்தான் கொடுத்தாள். நான் பிரிக்கவில்லை.

உன் அண்ணன்,
கோதண்டராமன்