ஃபைலைத் திறந்து வைத்திருப்பவர்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பாப்பா நன்றாக இருக்கிறாள். இப்போது ராத்திரி மணி ஒன்றரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போன தடவை எழுப்பியபோது என் மூக்கிலேயே ஒன்று வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். அடி பலமாகவே விழுந்தது. அந்தத் தெம்பில்தான் எழுதுகிறேன். சாயங்காலம் மூன்று தடவை கூப்பிட்டேன், நீங்கள் அங்கே வேலையில் இருந்திருப்பீர்கள்.

இன்று அவளுக்கு வலிப்பு மருந்தை இரண்டு தடவை கொடுத்துவிட்டோம். ஆறு மணிக்கு மாமா கொடுத்திருக்கிறார். நான் வேலையிலிருந்து வந்ததும் பாப்பாவை வாசலிலேயே என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். மற்ற நாளெல்லாம் கொடுத்தாயிற்று என்று வாயால் சொல்வார், இன்று மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை. மருந்து கொடுத்ததும் நாங்கள் குறித்துவைக்கும் எக்செல்லில் ஆறு மணிக் கட்டம் காலியாக இருந்தது, இன்னொரு தடவை கொடுத்தேன்.

ஒரு வாரமாக மாமாவின் கணினியில் அந்த ஃபைல் சேவ் ஆகவில்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் மாமா என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். இன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். வைஃபை சரியாக இருந்தது. ரௌட்டரில் நீங்கள் மாட்டிவைத்த டிஸ்க்கில் இடமும் இருந்தது. மற்ற ஃபைலெல்லாம் சேவ் ஆகிறது, இது ஒன்றுதான் அடம்பிடித்தது. கடைசியில் மாமாவின் திரையில் வரும் செய்தியை முழுசாகப் படித்தேன். வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், பார்க்கலாம், மாற்றி எழுத முடியாது என்று போட்டிருந்தது. திறந்து வைத்திருப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்.

அது நான்தான். என் லேப்டாப் கெட்டுப்போனதால் உங்கள் பழையதை எடுத்தேன் இல்லையா, அதில் எக்செல்லுக்குள் இன்னும் உங்கள் பெயர்தான். ஃபைலை மூடாமல் லேப்டாப்பை மட்டும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போயிருக்கிறேன், தினமும். ஃபைலை மூடினேன். மாமாவின் கணினியில் உடனே சேவ் ஆயிற்று.

முன்னமே இந்தச் செய்தியைக் காட்டியிருக்கலாமே மாமா என்று கேட்டேன். என் பையன் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், நடுவில் புகுந்து கெடுப்பானேன் என்று இருந்தாராம். துரைக்கு ஒரு போன் பேச நேரமில்லை, ஃபைலை மட்டும் நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார் பாரம்மா என்று சொல்லிச் சிரித்தார். மருந்து விஷயம் தெரிந்த பிறகு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். தன்னால்தான் எல்லாம் என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அந்த டிஸ்க்கில் இருப்பதை நம் வீட்டு வைஃபைக்கு வெளியே எங்கிருந்தும் திறக்க முடியாது. அப்படி அமைத்ததே நீங்கள்தான். அது மாமாவுக்குத் தெரியாது. தப்பு உங்களுடையதில்லை மாமா என்று அவரிடம் சொல்ல வேண்டுமானால், பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் பையன் இல்லை என்றும் சொல்லியாக வேண்டும். காலையில் சொல்லிவிடுவேன். எக்செல்லில் பெயரையும் மாற்றிவிட்டேன்.

நாளைக்கு, இங்கே மணி ஆறாகும்போது போன் பண்ணுங்கள். எனக்கு வேண்டாம், மாமாவுக்கு. பாப்பா மருந்தை முழுங்கினாளா துப்பினாளா என்று அவரைக் கேளுங்கள். நிதானமாகச் சொல்வார், நடுவில் போனை வைத்துவிடாதீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நான் போய் அவளை எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா