நாகம் தந்த பச்சைத் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு, தொங்சாய் கும்பிட்டு எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் நலம்தான், சோறு மட்டும் இறங்கவில்லை.

மலைமேல் ஆறு குகைக்குள் நுழையும் இடத்தில் அளவெடுக்கிறோம். அங்கிருக்கும் பன்றிப்பண்ணை தன் கழிவையெல்லாம் அந்தக் குகைவாயிலேயே தள்ளுகிறது. இடுப்பளவு நுரையில் நடந்தேன். எத்தனை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. குகையின் வௌவால் எச்சம்கூட இதன்முன் சந்தனம்.

"இந்தக் கண்றாவி எங்கடா வெளிய வருது?" என்றேன்.

"சாயத்தைக் கொட்டு, தண்ணி எங்க நிறம் மாறுதுன்னு பாத்தா தெரிஞ்சிடும்" என்றான் கூட வேலை செய்யும் சோம்பெட். "சுண்ணாம்புப் பாறை மண்ணு மாதிரி வடிகட்டாதுடா. மேல போறது அப்படியே கீழ வரும்."

நானே பச்சைச் சாயத்தைக் கொட்டினேன்.

நேற்று உங்கள் பொட்டலமும் கடிதமும் வந்தன. நம் ஊர் ஊற்று பச்சையாகிவிட்டதாம், ஊற்றைக் காக்கும் நாகம் கண்திறந்துவிட்டதாம், ஊரே கும்பிட்டு ஆளுக்கொரு குவளை குடித்ததாம்! மந்திரித்த வெள்ளை நூலைக் கழுத்தில் சுற்றி எனக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் அனுப்பியிருக்கிறீர்கள்.

சோம்பெட் விழுந்து விழுந்து சிரித்தான்: "உங்கம்மா பன்னி விட்டைய உனக்கே திருப்பி அனுப்பிட்டாங்கடா!"

வெளியே ஓடி வாந்தி எடுத்தேன்.

பயப்படாதீர்கள், சாயம் ஒன்றும் செய்யாது. ஆனால் இனி அந்தத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள், மழைத்தண்ணீர் பிடியுங்கள். யாருக்காவது வயிறு கடுத்தால், நாகத்தின் கோபம் என்று உட்கார்ந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் கைச்சோற்றுக்கு நாக்கு ஏங்குகிறது. இருந்தாலும் அரிசியாகவே அனுப்புங்கள், வேகவைக்க வேண்டாம்.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டேன், அம்மா. நூலை மட்டும் மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன். அதிலும் அதே நாற்றம். கழற்ற மனமில்லை.

மகன்,
தொங்சாய்