பதினான்காம் பிரிவில் ஒரு 'லாம்'

பிப்ரவரி 9

காலையிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது. வெந்நீர் குடித்துக்கொண்டே மசோதாவைப் படித்தேன். குற்ற விசாரணைச் சட்டத் திருத்தம், பதினான்காம் பிரிவு: விசாரணை தொடங்காமல் ஓராண்டு சிறையில் இருப்பவரை நீதிமன்றம் ஜாமீனில் 'விடுவிக்கலாம்'. இந்த 'லாம்' இருக்கிறதே, இதைப் போல வழுக்குகிற சாமான் உலகத்திலேயே கிடையாது. விடுவிக்கலாம், விடாமலும் இருக்கலாம். 'விடுவிக்க வேண்டும்' என்று மாற்றச் சொல்லி மூன்று வருடமாகச் சபையில் கத்துகிறேன். எந்த மசோதா வந்தாலும் இதே பாட்டு என்பதால் எனக்கு 'லாம் மேடம்' என்று பட்டப்பெயர். வீட்டுக்காரரும் விடுவதில்லை. "டீ போடலாமா, போட்டே ஆகணுமா?" என்கிறார். போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!

இந்த மசோதாவுக்கும் அந்தத் திருத்தத்தை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை அரசாங்கமே ஒத்துக்கொள்ளும் என்கிறார் கொறடா. நம்பவா?

பிப்ரவரி 10

சிறைக்குப் போய் வந்தேன். விசாரணையே தொடங்காமல் வருடக்கணக்கில் கிடக்கும் அந்தத் தையல்காரர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். துணிக்கடையில் திருடியதாக வழக்கு. குற்றம் உறுதியானால்கூட இவ்வளவு காலம் தண்டனை வராது. அவரைப் பற்றி நான் பேசாத கூட்டத்தொடர் இல்லை. "நீங்க பேசுனீங்கன்னு சொன்னாங்கம்மா. எனக்கு என்னைக்கும்மா கேசு?" என்று கேட்டார். அவர் தைத்த தலையணை உறைகளைப் பாராட்டிவிட்டு வந்தேன். வெட்கக்கேடு.

பிப்ரவரி 12

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, உன் சட்டம் வந்தா அவன் வெளியில வந்துருவானா?"

அவன் என்றால் அவளுடைய எதிர்வீட்டுக்காரன். வண்டி நிறுத்துகிற தகராறில் அத்தானை இரும்புக் கம்பியால் தலையில் அடித்ததாக வழக்கு. அத்தானுக்கு உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அடுத்த மாதம் ஓராண்டு முடிகிறது.

எனக்கு இது தோன்றவே இல்லை! இத்தனை வருடப் பேச்சில் என் வாயில் வந்தவர்கள் எல்லாரும் தையல்காரர்கள்தான்.

"வருவான்" என்றேன்.

"எங்க வருவான்? எதிர்வீட்டுக்குத்தானே? உங்க அத்தானால கத்தக்கூட முடியாதுடி."

கையைப் பிடித்துக்கொண்டாள். "எதிர்த்துப் பேசுன்னு சொல்லல. சபாநாயகர் கூப்பிடும்போது எழுந்திருக்காம இரு. அது போதும்."

விவரமாக விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். திருத்தம் கொடுத்தவர் எழுந்து முன்மொழியாவிட்டால் அது அங்கேயே செத்துப்போகும். யாரும் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.

பிப்ரவரி 13

ஒரு நிபந்தனை சேர்த்தால்? அடிபட்டவர் வசிக்கும் தெருவுக்குள் வரக் கூடாது என்று? சட்டப் பிரிவு அதிகாரியிடம் கேட்டேன்.

"திருத்தம் கொடுக்கிற கெடு முடிஞ்சிருச்சு மேடம். நிபந்தனை போடுறது நீதிபதி இஷ்டம். போடலாம்."

போடலாமாம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உனக்கு என்ன தோணுதோ அதைச் செய்" என்றார். எனக்குத் தோன்றினால் இவரை ஏன் கேட்கிறேன்?

பிப்ரவரி 16

அத்தானையே கேட்டுவிடுவது என்று போனேன். தலையை ஆட்டியாவது சொல்வார். போர்வையைச் சரிசெய்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், கேட்காமல் வந்துவிட்டேன். எப்படி ஆட்டியிருந்தாலும் எனக்குப் பயம்தான்.

அக்கா கேட்பது தப்பா? இல்லை. தையல்காரர் கேட்பது தப்பா? அதுவும் இல்லை. அடித்தவன் அவன்தான், அக்கா கண்ணால் பார்த்தாள். ஆனால் 'நிரூபிக்கப்படும் வரை எவரும் குற்றவாளி அல்ல' என்று எத்தனை தடவை நீட்டி முழக்கியிருக்கிறேன்! ஊரார் வீட்டு அத்தான்கள் அடிபட்டால் மட்டும்தானா அதெல்லாம்? எனக்கு ஒண்ணுமே புரியலையே — மண்டை காயுது.

பிப்ரவரி 18

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சபாநாயகர் கூப்பிட்டார். எழுந்திருக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன், சத்தியமாக. எப்படியோ எழுந்துவிட்டேன். வாய் சொன்னது:

"'விடுவிக்கலாம்' என்பதற்குப் பதிலாக, 'விடுவிக்க வேண்டாம்' என்று—"

சபையே குலுங்கிச் சிரித்தது. "லாம் மேடம் கட்சி மாறிட்டாங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சபாநாயகருக்கும் சிரிப்பு. "மாண்புமிகு உறுப்பினர் எந்தச் சொல்லை முன்மொழிகிறார்? வேண்டுமா, வேண்டாமா?"

அதைத்தானே ஒரு வாரமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

"இதில் எனக்குச் சொந்தச் சங்கடம் ஒன்று இருக்கிறது" என்றேன். "என் அக்கா கணவரைத் தாக்கியதாகச் சொல்லப்படுபவர் இந்தத் திருத்தத்தால் வெளியே வருவார். சபைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்." சிரிப்பு நின்றது. தண்ணீர் குடித்தேன். பிறகு, "விடுவிக்க வேண்டும்" என்றேன்.

குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிட்டது. எதிர்வரிசைக்காரர்கள்கூட வந்து கைகுலுக்கினார்கள். ஏன் அப்படிச் சொன்னேன்? கொள்கையா? அத்தனை பேர் முன்னால் 'வேண்டாம்' என்று சொல்ல வெட்கமா? தெரியலை. நிஜமாவே தெரியலை.

பிப்ரவரி 19

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 24

சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தையல்காரர் நேற்று வெளியே வந்தாராம். சிறை அதிகாரி போன் செய்து சொன்னார். சந்தோஷமாக இருந்தது, கொஞ்ச நேரம்.

ஏப்ரல் 6

அக்கா வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டு வாசலில் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாரம் ஒரு முறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதோடு சரி, நீதிபதி வேறு எந்த நிபந்தனையும் போடவில்லை. அத்தானின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றியிருந்தார்கள்.

திட்டுவாள், கை ஓங்கிக்கொண்டுகூட வருவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவள்; எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து 'வாடி, போடி'தான். கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"