வருடம் திரும்பும்வரை அடிவாரத்தில்

பாசமுள்ள என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அம்மா சீனாவுக்குப் போகிறாள், அப்பா. நாளை மறுநாள் விமானம். அதுவும் இந்தக் குளிர்காலத்தில், பனி கொட்டும் எமெய் மலைக்கு.

"பயந்தாங்கொள்ளி ஆரம்பிச்சுட்டான்" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆரம்பித்து வைத்தவரே நீங்கள்தான். அடுத்த வீட்டு லிம் ஆன்ட்டியின் புத்தர் கோயில் குழுவோடு போவதாகப் போன வருடம் பெயர் கொடுத்தது யார்? ஆறு தந்தம் உள்ள யானைமேல் போதிசத்துவர் உட்கார்ந்திருக்கும் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டியது யார்? கம்பளிக் குல்லா வாங்கி, சிங்கப்பூரில் நம் ஈசூன் வட்டார வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு காப்பிக் கடைவரை போய்க் காட்டியது யார்?

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ரொட்டி வாங்கக் கீழே போனீர்கள். லிஃப்ட் வாசலிலேயே விழுந்துவிட்டீர்கள். தினமும் காலையில் உங்களைப் போனில் அழைத்து மாத்திரை போட்டீர்களா என்று நச்சரிக்கும் நான், அன்றைக்கு மட்டும் அழைக்கவில்லை. அதன்பிறகு ஒரு நாள்கூட நான் கவலைப்படாமல் இருந்ததில்லை.

யானைப் படம் இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. இந்த வருடமும் குழு கிளம்புகிறது என்று லிம் ஆன்ட்டி சொன்னதும், "என் பேரைப் போடுங்க. அவர் பார்க்க ஆசைப்பட்டதை நான் பார்த்துட்டு வந்துடறேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிக்கெட் போடும் வேலை மட்டும் எனக்கு வந்தது.

அவளுக்கு ரத்த அழுத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். முழங்கால் ஏறும்போது சும்மா இருக்கும், இறங்கும்போதுதான் தகராறு செய்யும். அங்கே படியெல்லாம் பனிக்கட்டியாம். வழுக்காமல் இருக்கக் காலணியில் இரும்புப் பல் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம். பையைப் பிடுங்கும் குரங்குகள் வேறு. மாத்திரையை மூன்று பையில் பிரித்து வைத்தேன், குரங்கு ஒன்றைத் தூக்கிப்போனாலும் இரண்டு மிஞ்சட்டும் என்று. "குரங்குக்கும் பிரஷர் இருக்கும், எடுத்துக்கட்டும்" என்கிறாள். உங்களோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் வேறு எப்படிப் பேசுவாள்?

முதலில் தடுத்தது பிடோக்கில் இருக்கும் அத்தை.

"அண்ணன் போயி வருஷம் திரும்பாம மலை ஏறலாமாடா செல்வம்? நாம பழனிக்கே போகமாட்டோமே."

"இது சீனாக்காரங்க மலை, அத்தை."

"மலைன்னா மலைதான். திதி பார்த்தியா?"

"எல்லாம் பார்த்தாச்சு. வருஷம் முடிஞ்சுதான் கிளம்புறாங்க."

நான் பார்த்தது சுவரில் தொங்கும் காலண்டரை. நீங்கள் போன அதே தேதியில் வேலைக்கு லீவு போட்டு, உங்கள் படத்துக்கு முன் இலை போட்டு, வடை பாயசத்தோடு படைத்தேன். வருடம் முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். மகன் சொல்கிறானே என்று அவளும் நம்பினாள். அதற்கு இரண்டு வாரம் தள்ளி டிக்கெட் போட்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இந்தப் புதன்கிழமை, பயணம் நல்லபடியாக அமைய அர்ச்சனை செய்யலாம் என்று சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனேன். ஐயர் பேச்சுவாக்கில் உங்கள் திதியைக் கேட்டார். தேதியைச் சொன்னேன். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "தேதி வேற, திதி வேற தம்பி. அப்பாவுக்கு வருஷ திதி அடுத்த வெள்ளிக்கிழமைதான் வருது" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை. அன்று காலைதான் குழு மலை ஏறுகிறது.

அப்பா, இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பதற்றம் இல்லை, நிம்மதி. அம்மாவை நிறுத்த ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் எதுவும் பேசவேண்டாம், சம்பிரதாயமே பேசிக்கொள்ளும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரயிலில் அந்த நிம்மதியோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால், மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, சேலைக்குமேல் குளிர்கோட்டும் தலையில் உங்கள் குல்லாவுமாக அம்மா நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.

ஐயர் சொன்னதை நேற்றுத்தான் அவளிடம் சொன்னேன். அம்மா குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நான் போகல" என்றாள். கோபமில்லை, அழுகையும் இல்லை. ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். நான் விரும்பியது நடந்துவிட்டது. ஆனால் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்துபோய் லிம் ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆங்கிலமும் மலாயும் கலந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், உங்கள் பூசை எத்தனை மணிக்கு முடியும் என்று. முதல் ஆளாகப் போனால் எட்டு மணிக்குள் என்றேன். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்தானே என்றார். உடனே குழுத்தலைவரை அழைத்துச் சீனத்தில் ஏதோ விளாசினார். போனை வைத்துவிட்டு, "கேன் லா" என்றார், முடியும் என்று.

ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை குழு மலை அடிவாரத்தில் நிற்கும். நான் இங்கே திதி கொடுத்து முடித்ததும் அம்மாவை அழைப்பேன். அதன்பிறகுதான் அவள் மலை ஏறும் பஸ்ஸில் காலை வைப்பாள். அத்தைக்கும் சொல்லிவிட்டேன். "அப்படின்னா சரி. காதை மூடிக்கச் சொல்லு, குளிரும்" என்றாள். போன் அழைப்புக்கு நானும் அம்மாவும் படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஆறுமுறை ஒத்திகை பார்த்துவிட்டோம். மலையில் சிக்னல் இருக்குமா? பனியில் போன் பேட்டரி இறங்கிவிடுமா? ஐயர் தாமதமாக வந்தால்? தெரியவில்லை, அப்பா. பயமாகத்தான் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முப்பது வருடம் பஸ் ஓட்டினீர்கள், ஒரு நாளும் வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை. ஆனால் சாப்பாட்டில் உட்கார்ந்தால் மட்டும் அசைய மாட்டீர்கள். ரசத்துக்கு வரவே அரைமணி ஆகும். வெள்ளிக்கிழமை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். கூப்பிட்டதும் வாருங்கள், வைத்ததைச் சீக்கிரம் சாப்பிடுங்கள். உங்களுக்காக இருபத்திரண்டு பேர் பனியில் நின்றுகொண்டிருப்பார்கள்.

சாப்பிட்ட கையோடு நேராக மலைக்குப் போய்விடுங்கள். ஏறும்போது அவளே பார்த்துக்கொள்வாள். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்றைக்கு அவளை அழைக்கும்போது பத்திரம், ஜாக்கிரதை, மாத்திரை என்று எதுவும் சொல்ல மாட்டேன். "முடிஞ்சுதும்மா, ஏறு" என்று மட்டும் சொல்வேன்.

உங்கள் ஒரே மகன்,
இன்னும் பயந்தாங்கொள்ளியாகவே இருக்கும்
செல்வம்