எட்டுச் சக்கர வண்டியும் என் கால் கட்டைவிரலும்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் பைக்கை நம் கோழிக்கூண்டின் மேல் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். பெட்ரோல் ஒழுகிக் கோழி எச்சத்தோடு கலந்துவிட்டது. காபி டம்ளரோடு கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாசனை இந்த உலகத்தில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் உண்டு. தண்ணீரிலும் தரையிலும் ஓடும் என்று சொல்லி நீங்கள் கொண்டுவந்த அந்த எட்டுச் சக்கர வண்டி.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு போகும்போது வராத அழுகை, கோழி எச்சத்தில் வருகிறது பாருங்கள். அந்த வண்டி விஷயத்தில் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இனிமேல் நீங்கள் கோபித்துக்கொள்ள முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

குவைத்துக்குப் போன ஒன்பதாம் வருடம் வந்த லீவு அது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவீர்கள். பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை உங்களுக்கு. வந்த மூன்றாம் நாள் மத்தியானம், நம் மகள், அப்போது அவளுக்கு ஏழு வயது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள், "நீங்க எப்ப ஊருக்குப் போவீங்க?" நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, தட்டில் இருந்த வஞ்சிர மீனைத் தொடாமலே எழுந்து கைகழுவப் போனீர்கள். நான் அடுக்களையில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில், "டீச்சர், நான் திரும்பிப் போகாம இருக்க ஒரு வழி இருக்கு" என்றீர்கள். கட்டின நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவீர்கள். என்ன வழி என்று கேட்டால், ஒரு வண்டி என்கிறீர்கள்.

தரங்கம்பாடிக்குத் தெற்கே மூடிக் கிடந்த இறால் பண்ணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். வெளிநாட்டுப் பணம் கொட்டப்போகிறது என்று நல்ல நஞ்சையை வெட்டிக் குட்டையாக்கினார்களே, அந்தப் பண்ணைகளில் ஒன்று. இறாலுக்கு நோய் வந்ததும் கம்பெனிக்காரர்கள் பெயர்ப்பலகையையும் ஒரு வயதான வாட்ச்மேனையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவருடைய குடிசைக்குப் பின்னால், பூசணிக்கொடிக்கு அடியில் கிடந்தது உங்கள் எதிர்காலம். பெரிய குளிக்கும் தொட்டிக்கு எட்டுச் சின்னச் சக்கரம் வைத்தமாதிரி. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு குச்சிதான். ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்பக்கூடாது என்று வாட்ச்மேன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், குஞ்சு பொரிக்கும்வரை என்ஜின் பக்கம் மட்டும் வேலை பார்த்தீர்கள்.

நடவு நேரத்தில் சேற்றுக்குள் நாற்று முடி கொண்டுபோகலாம், உர மூட்டை கொண்டுபோகலாம், வெள்ளம் வந்தால் ஆட்களை ஏற்றலாம், நம் தாலுகாவில் வேறு யாரிடமும் இது இல்லை என்று கிரீஸ் கையோடு சொல்லிக்கொண்டே போனீர்கள். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். ஆனால் கண் என்று இரண்டு இருந்தது. டயரில் வெடிப்பு, வயரில் எலி கடித்த தடம், உட்கார்ந்தால் பஞ்சு பறக்கிற சீட். கணக்கு டீச்சராக யோசித்தால், ஓடிவிட வேண்டிய இடம். பெண்டாட்டியாக யோசித்தால், இது இல்லாவிட்டால் நீங்கள் ஓடிவிடுவீர்கள்.

கடைசியில் நீங்களே ஒரு தீர்ப்பு சொன்னீர்கள். "மிதந்தா வாங்குறோம். மிதக்கலன்னா நான் பிளைட் ஏறுறேன்." டிக்கெட் போட்டு வைத்த பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மிதக்கவிட்டுப் பார்க்கத் தண்ணீர் வேண்டுமே. காவிரி பாய்கிற ஊரில் பிறந்துவிட்டு, ஒரு வண்டியை மிதக்கவிடத் தண்ணீர் தேடி அலைந்த குடும்பம் நம் குடும்பம்தான். இறால் குட்டையெல்லாம் உப்புப் பூத்துக் காய்ந்து கிடந்தது. கடலில் விடலாம் என்றால், மீன்காரர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நீங்களே திரும்பி வந்துவிட்டீர்கள். கோயில் குளத்தை நான் கேட்கவே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற நாம் போய் அதையும் கேட்க வேண்டுமா? மிஞ்சியது நம் ஊர் வாய்க்கால். அந்த வருடம் மேட்டூரைத் தாமதமாகத்தான் திறந்திருந்தார்கள். நாமோ கடைமடை. மேலே இருக்கிற ஊரெல்லாம் குடித்து முடித்து மிச்சம் வந்தால் உண்டு.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மதகடிக்குப் போவேன். ஷட்டர் திறக்கிற லஸ்கரிடம் தண்ணீர் எங்கே வருகிறது என்று கேட்பேன். "ஒங்களுக்கு எத்தன மா நெலம் டீச்சர்?" என்று ஒருநாள் அவர் கேட்டார். ஒரு குழி நிலம்கூடக் கிடையாது என்றேன். அதற்குப்பிறகு என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். நாற்றங்காலை வைத்துக்கொண்டு தவித்த மிராசுதார்களைவிட அந்தத் தண்ணீருக்காக அதிகம் ஜெபித்தவள் நான்தான்.

உங்கள் பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக, செம்மண் நிறத்தில். ஊர்ப் பெண்கள் நெல்லும் பூவும் தூவிக் கும்பிட்டார்கள். டிராக்டர் டிரெய்லரில் வந்து இறங்கிய நம் வண்டிக்கும் ஒரு அம்மாள் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். நீங்கள் கண்ணை மூடி ஒரு பரமண்டல ஜெபம் சொன்னீர்கள். தண்ணீர் நிறையட்டும் என்று இரண்டு நாள் பொறுத்து, மூன்றாம் நாள் காலையில் அடிபம்பில் வண்டியைக் குளிப்பாட்டி, இறக்கினீர்கள். "நீயும் ஏறு டீச்சர். நீ பயப்படலன்னா அது நல்ல வண்டி."

ஏறினேன். மிதந்தது. வாத்து மாதிரி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, நிஜமாகவே மிதந்தது. கரையில் கைதட்டல். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு குச்சியையும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் என் உள்ளங்காலில் ஜில்லென்றது. குனிந்து பார்த்தேன். வண்டியின் அடியில் விரல் பருமனுக்கு ஒரு ஓட்டை. வாய்க்கால் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஒரு குழாய் ஒரு தொட்டியை எத்தனை நிமிடத்தில் நிரப்பும் என்று ஏழாம் வகுப்புக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஐந்து நிமிடம் என்று மனதில் விடை வந்தது. வாயைத் திறந்தால் நீங்கள் பிளைட் ஏறுவீர்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வலதுகால் கட்டைவிரலை அந்த ஓட்டையில் செருகிக்கொண்டேன். புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, கரையில் இருந்தவர்களுக்குக் கையாட்டினேன்.

மதகுவரை போய்த் திரும்பிக் கரை ஏறினோம். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். விரல் வீங்கிவிட்டதால் வெளியே வரவில்லை. இறங்கு இறங்கு என்கிறீர்கள், நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் முகத்தில் அன்று வந்த ஆச்சரியம்! குனிந்து மெதுவாகக் கேட்டீர்கள், "என்ன டீச்சர், வாங்கலாமா?"

"வாங்குங்க" என்றேன். வலியில் கண் கலங்கியிருந்தது. நீங்கள் அதை வேறாக எடுத்துக்கொண்டீர்கள். எடுத்துக்கொண்டதும் தப்பில்லை.

எல்லோரும் போனபிறகு விரலைத் திருகி எடுத்தேன். சாயங்காலம் உங்கள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு ரப்பர் மூடி இருந்தது. வண்டியைக் கழுவும்போது தண்ணீர் வடிய நீங்களே கழற்றியிருக்கிறீர்கள். தேங்கின தண்ணீரைக் கண்டால் வடியவிடாமல் இருக்கமுடியாத கை, எத்தனை வருடம் பாலைவனத்தில் இருந்தாலும் மாறாது. மறுபடி மூட வேண்டும் என்பதுதான் மறந்துபோயிற்று. மறுநாள் விடிந்ததும் போய், அதை நானே ஓட்டையில் அழுத்திவிட்டு வந்தேன். சொட்டுக்கூட ஒழுகாத வண்டி என்று கடைசிவரை ஊரெல்லாம் பெருமையடித்தீர்கள்.

பிளைட் உங்களை விட்டுவிட்டுப் போயிற்று. வண்டி ஒரு நடவு ஓடியது. நாலு பேர் வரப்பை உடைத்து நாற்பது பேரிடம் திட்டு வாங்கித் தந்தது. ஆனால் அதன் என்ஜினைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிற உங்களை வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அப்படியே தங்கள் பம்ப்செட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் ஒரு கொட்டகை போட்டோம். மகள் காலேஜ் முடிக்கிறவரை அந்தக் கொட்டகைதான் சோறு போட்டது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, உங்கள் ஸ்பேனரை எடுத்து நீட்டியபடி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். நான் உள்ளே இருந்து நோட்டுத் திருத்தியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு எதுவும் வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், ஊசி போட வந்த நர்சிடமும் ஆரம்பித்தீர்கள். "இவளுக்கு வண்டின்னா உயிரும்மா. அன்னிக்கு இறங்கவே மாட்டேன்னுட்டா. இவளுக்காகத்தான் வாங்கினேன்." நர்ஸ் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

வழிமுறை தப்பாக இருந்து விடை மட்டும் சரியாக வந்தால், முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் மார்க் போட்டதில்லை. உங்களுக்கே தெரியும், எத்தனை பெற்றோர்கள் வாசலில் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் எனக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அதை நான் குறைப்பதாக இல்லை.